முதலில் விழுந்தவளின் பெயர்

“முதலில் விழுந்தது யார்?” என்று ஊரே திரண்டு வந்து உங்களைக் கேட்கும் நாள் ஒன்று வரும். பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதுதான் சங்கடம். தெரியாதவன் ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பார்க்கப் போய்விடலாம். நமக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

மனநல ஆராய்ச்சியிலிருந்து ஓய்வுபெற்ற என்னைக் கூப்பிட்டு, புதிதாக ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது, கேள்வியை எப்படி அமைப்பது என்பதெல்லாம் உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. அதை நான் இன்னொரு முறை ஓதுவானேன்? நான் சொல்லப்போவது கொல்லிமலையில் ஒரு பள்ளியில் நடந்த ஒரே ஒரு விஷயம். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

மலைக் கிராமங்களில் வளரிளம் பிள்ளைகளின் பயம், கவலை, தூக்கம் பற்றி அப்போது ஆய்வு செய்துகொண்டிருந்தோம். நானும் சரவணன் என்ற இளம் ஆய்வாளனும் சோளக்காடு என்ற ஊரில் தங்கியிருந்தோம். ஒரு நாள் காலையில், மலையின் இன்னொரு பக்கத்தில் விடுதியோடு சேர்ந்த ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை போன் செய்தார். பிரார்த்தனை நேரத்தில் ஏழெட்டுப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மயங்கி விழுந்தார்களாம். டாக்டர் வந்து பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் பிரார்த்தனையில் இன்னும் கூடுதலாக விழுந்திருக்கிறார்கள். “மேடம், எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. உடனே வாங்க” என்றார்.

போனோம். டாக்டர் எல்லாப் பெண்களையும் மறுபடி பார்த்து, ரத்தமும் சர்க்கரையும் பரிசோதித்திருந்தார். உடம்பில் குற்றமில்லை. தண்ணீரை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். ஆசிரியர்கள் அறையில் ஒருவர், “சும்மா நடிக்குதுங்க மேடம், பரீட்சை வருதில்ல” என்றார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. “நீங்க ஒரு தடவை அப்படி நடிச்சுக் காட்டுங்களேன், சிமெண்ட் தரையில, தலை அடிபட” என்றேன். அவர் அதற்குப் பிறகு என் பக்கம் வரவில்லை.

இது நடிப்பல்ல என்று உங்களுக்குத் தெரியும். ஒரே கூரையின் கீழ், ஒரே பயத்தில் இருக்கும் பிள்ளைகளில் ஒருத்திக்குத் தாங்கமுடியாமல் உடம்பு கைவிடும். அதைப் பார்த்த அடுத்தவளின் உடம்பும் கைவிடும். கொட்டாவி எப்படித் தொற்றுகிறதோ அப்படித்தான் இதுவும். விழுகிறவளுக்குத் தான் ஏன் விழுகிறோம் என்று தெரியாது.

என் பேராசிரியர் ஒருவர் இருந்தார். கோபக்காரர். வகுப்பில் அவர் சொன்னதில் பாதி மறந்துவிட்டது. இந்த மயக்கத்தைப் பற்றி அவர் சொன்னது மட்டும் மறக்கவில்லை. “முதல் ஆளைக் கண்டுபிடி. கண்டுபிடித்ததும் அவளை ஒளித்து வை. கண்டுபிடிக்கத் தெரிந்தவன் நிறையப் பேர் இருக்கிறான், ஒளித்து வைக்கத் தெரிந்தவன்தான் இல்லை” என்பார்.

பிரார்த்தனையில் விழுந்தவர்களில் முதல் ஆள் யார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அங்கொருத்தி இங்கொருத்தியாகச் சரிந்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பெண்ணாகத் தனியே கூப்பிட்டுப் பேசியபோது, விடுதிப் பெண் ஒருத்தி மூலம் விஷயம் தெரிந்தது. பிரார்த்தனைக்கு முந்தின நாள் சாயங்காலம், தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி குடத்தோடு விழுந்திருக்கிறாள். கூட இருந்தது இவள் ஒருத்திதான். அவளைத் தூக்கி உட்காரவைத்து, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். ஆனால் அன்று இரவு முழுக்கப் பயந்துபோய்த் தானும் தூங்கவில்லை, பக்கத்துக் கட்டில்களையும் தூங்கவிடவில்லை.

விழுந்தவளை வளர்மதி என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது படிக்கிறாள். பதினைந்து வயது. அவளிடம் நான் மயக்கத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஊரில் என்ன பயிர், வீட்டில் யார் யார் என்று பேச்சுக் கொடுத்தேன். குச்சிக்கிழங்கு, மிளகு, ஒரு தம்பி என்று சொல்லிக்கொண்டே வந்தவள், ஊர்த் திருவிழாவை நினைத்து “நோம்பிக்கு ஊட்டுக்குப் போவியா?” என்று நான் கேட்டதும் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

“நோம்பி முடிஞ்சதும் எனக்குக் கண்ணாலங்க மிஸ். எங்க மாமன் பையனுக்கு. அவங்க போர்க்கெணறு போடற லாரியில வடக்க வேலைக்குப் போயிருக்கறாங்க. நோம்பிக்கு வராங்களாம். ஊர்ல இருந்து வந்த புள்ள சொன்னா. எங்கப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலைங்க.”

அதைக் கேட்ட கையோடுதான் குழாயடிக்குப் போயிருக்கிறாள். இத்தனை நாள் இந்தச் சின்ன உடம்புக்குள் இதை வைத்துக்கொண்டு இவள் கணக்குப் பாடம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாளே என்று நினைத்தேன். “விழுந்தது நீதான் என்று என் வாயால் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் கல்யாண விஷயத்தை மறைக்க எனக்கு உரிமை இல்லை. சட்டப்படி சொல்லியாக வேண்டியவர்களுக்குச் சொல்வேன். சொல்லட்டுமா?” என்று கேட்டேன். சரி என்று தலையாட்டினாள். பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்கும்போது எதைக் கொடுக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். மொத்தமாக ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாய்ப்பந்தல் போடாதீர்கள்.

தலைமையாசிரியைக்குச் சொன்னேன். குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை மலைக்கு வருகிறேன், தகப்பனாரிடம் நானே பேசுகிறேன் என்றார் அவர். அன்று வெள்ளிக்கிழமை. தண்ணீர்ப் பரிசோதனை முடிவோடு டாக்டர் சோளக்காட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்ததால் நான் பஸ் ஏறிப் போனேன். தண்ணீரும் சுத்தம். நிம்மதியாக ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

பள்ளி வாசலில் ஊர் நின்றுகொண்டிருந்தது. சில அப்பாக்கள் ஏற்கெனவே பிள்ளைகளின் தகரப் பெட்டிகளை வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சரவணன் வெளிறிப்போய் ஓடிவந்தான்.

“மேடம், நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலை. சத்தியமா.”

“அப்புறம்?”

“வளர்மதிகிட்ட இன்னும் கொஞ்சம் விவரம் கேட்கலாம்னு மறுபடி கூப்பிட்டேன். பாவமா இருந்துச்சு, டீயும் பிஸ்கட்டும் வாங்கிக் குடுத்தேன். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான்! மற்ற பெண்களை எல்லாம் ஒரே ஒரு முறை கூப்பிட்டிருக்கிறோம். ஒருத்தியை மட்டும் இரண்டாம் முறை கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, பிஸ்கட் கொடுத்து உட்காரவைத்தால் என்ன அர்த்தம்? விடுதியில் அத்தனை பேருக்கும் அது போதாதா? வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது; பிள்ளைகளைப் பார்க்க வந்த அப்பாக்கள் காதுக்கும் போய்விட்டது. பெயரை மாற்றி, எண் போட்டு, தாளை பீரோவில் பூட்டுகிறோம். ஆனால் யாரை எத்தனை தடவை கூப்பிட்டோம் என்பதை ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. அன்று முதல் நான் வைத்த வழக்கம் இது: ஒருத்தியை மறுபடி பார்க்கவேண்டும் என்றால் எல்லோரையும் மறுபடி பார்ப்பேன். வேலை இரட்டிப்பாகும், ஆகட்டும். சரவணனைத் திட்டவில்லை. திட்ட நேரமும் இல்லை.

ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். மரியாதையான மனிதர். பயந்துபோயிருந்தார், அது முகத்திலேயே தெரிந்தது.

“ஏனுங்க டாக்டரம்மா, ஒரே வார்த்தை சொல்லிப்போடுங்க. மொதல்ல உழுந்தது ஆரு? அந்தப் புள்ள மேல ஏதோ எறங்கியிருக்குது. அதுகிட்ட இருந்துதான் மத்த புள்ளைகளுக்கு. அந்தப் புள்ளய ஊட்டுக்கு அனுப்பிட்டா மத்ததுக படிக்கட்டும். இல்லீன்னா நாங்க எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயர்றமுங்க.”

நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று அந்த மலையில் சொல்லிச் சொல்லிச் சலித்திருந்தேன். அதைத் திருத்தவில்லை. “சொல்லமாட்டேங்க” என்றேன்.

“தெரியாதுங்களா?”

“தெரியும். சொல்லமாட்டேன்.”

சலசலப்பு எழுந்தது. ஒரு ஓரத்தில் நின்றிருந்த ஒல்லியான மனிதர் முன்னால் வந்தார். தோளில் துண்டு, கையில் ஒரு தகரப் பெட்டி. வளர்மதியின் அப்பா என்று தலைமையாசிரியை என் காதில் சொன்னார். யார் கண்ணையும் பார்க்காமல், “எதுக்குங்க பேச்சு? நான் எம்புள்ளயக் கூட்டிட்டுப் போயர்றனுங்க” என்றார்.

கூட்டிக்கொண்டு போனால் கதை முடிந்தது. திங்கட்கிழமை அதிகாரி வருவதற்குள் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அப்படியே ஒன்றும் ஆகாவிட்டாலும், ‘பேய் பிடித்தவள்’ என்று துரத்தப்பட்ட பெண் திரும்ப எந்தப் பள்ளிக்குப் போவாள்? சீக்கிரம் ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்துவிடு என்றுதான் ஊர் சொல்லும். விடுதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வளர்மதி நின்றாள். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

போலீஸுக்குப் போன் செய்யலாமா என்றார் தலைமையாசிரியை. செய்திருக்கலாம், சட்டம் நம் பக்கம். ஆனால் ஜீப் வந்து நின்றால், அது யாருக்காக வந்தது என்பதும் அந்த நிமிடமே தெரிந்துவிடும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன். அப்போது கூட்டத்திலிருந்த பூசாரி சொன்னார்:

“டாக்டரம்மா சொல்லலீன்னா போகட்டும். மாரியாயிகிட்டப் பூ கேட்டுப் பாத்துரலாமுங்க.”

அந்தப் பக்கத்து வழக்கம் அது. வெள்ளைப்பூவையும் செவ்வரளியையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். கேள்வியைச் சொல்லிவிட்டு, ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வந்தால் என்ன பதில் என்று முன்பே பேசிவைத்துக்கொள்வார்கள். கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் இப்படிக் கேட்பதுண்டு. சரவணன் என் பக்கத்தில் வந்து, “மேடம், இது மூடநம்பிக்கை. நாம இதை எதிர்க்கணும்” என்றான். “எதிர்க்கலாம்ப்பா, நாளைக்கு எதிர்க்கலாம். இன்னைக்கு அந்தப் பெட்டி உள்ள போகணும்” என்றேன்.

எனக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான். இத்தனை வருஷம் கேள்வி எழுதித்தானே சோறு தின்றேன்? கேள்வியை எப்படிக் கேட்கிறோமோ அப்படித்தான் பதில் வரும். பூசாரியிடம் கேட்டேன்:

“சாமிகிட்ட என்னன்னு கேக்கப் போறீங்க?”

“வளர்மதிப் புள்ள போகோணுமா, இருக்கோணுமான்னுங்க.”

கூட்டத்தில் முதல் முறையாகப் பெயர் வெளியே வந்துவிட்டது. அவளுடைய அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. குரலை உயர்த்தாமல் இருக்கப் பெரும்பாடுபட்டேன்.

“ஏனுங்க, மாரியாயி ஆருக்குத் தாய்? இங்க இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் தாய்தானே? ஒரு தாய்கிட்டப் போயி, உன் பிள்ளைகள்ல எதைத் துரத்தறதுன்னு கேப்பீங்களா? உங்க ஊட்டுல, உங்க சம்சாரத்துகிட்ட அப்படிக் கேட்டுப் பாருங்க. கரண்டியாலயே அடிப்பாங்க.”

பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். இன்னொருத்தி, “அது செரிதானுங்களே. நம்ம புள்ளையா இருந்தா கேப்பமா?” என்றாள்.

பூசாரி தாடியைத் தடவினார். “அப்ப என்னன்னுதானுங்க கேக்கறது?”

“எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு பூசை பண்ணுங்க. பயம் தெளியட்டும். அதைக் கோயில்ல பண்றதா, இங்க பள்ளிக்கூடத்துலயே பண்றதான்னு கேளுங்க.”

ஊர்க்கவுண்டர் லேசுப்பட்டவரா? உடனே பிடித்துக்கொண்டார். “ஏனுங்க, எந்தப் பூ வந்தாலும் புள்ளைக இங்கியேதான இருக்கும்?”

இங்கேதான் நான் ஒரு நொடி நின்றேன். ‘அப்படியெல்லாம் இல்லைங்க’ என்று மழுப்பியிருக்கலாம். மழுப்பினால் அந்த மலையில் என் பேச்சுக்கு அன்றோடு மரியாதை போய்விடும். அதைவிட, நம்மை நம்பிப் பிள்ளைகளை விட்டவர்களை ஏமாற்றிப் பிள்ளைகளைக் காப்பாற்றுவது நெடுநாள் நிற்காது.

“ஆமாங்க. அதுக்குத்தான் அப்படிக் கேக்கச் சொல்றேன்” என்றேன்.

எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் அவசரப்படவில்லை. “எனக்கும் ரெண்டு பொட்டப்புள்ளைகதானுங்க. புள்ளையத் துரத்தட்டுமான்னு ஆயிகிட்டக் கேக்க எனக்கு நாக்கு வராது. டாக்டரம்மா சொன்னதையே கேக்கலாமுங்க” என்றார்.

செவ்வரளி வந்தது. செவ்வரளி என்றால் பள்ளிக்கூடம். அன்று சாயங்காலமே பள்ளி மைதானத்தில் பூசை. மஞ்சள் தண்ணீர் தெளித்து, எல்லாப் பெண்களுக்கும் நெற்றியில் திருநீறு வைத்தார்கள். அம்மாக்கள் பலர் போகாமல் இருந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டார்கள். அந்தப் பெண்களுக்கு மருந்தே அதுதான். அம்மா பயப்படவில்லை என்று தெரிந்தால் பிள்ளையின் உடம்பும் அடங்கிவரும். மறுவாரத்தில் மயக்கம் மெல்ல மெல்ல நின்றுவிட்டது. பூசையாலா, அம்மாக்களாலா என்று சரவணன் கேட்டான். இரண்டையும் பிரித்துப் பார்க்க நமக்கு வழியில்லை என்றேன். அவனுக்குத் திருப்தியில்லை. ஆராய்ச்சியாளனுக்குத் திருப்தி இல்லாமல் இருப்பது நல்லதுதான்.

ஆனால் வளர்மதியின் விஷயம் பூவால் தீரவில்லை. பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் அவளுடைய அப்பா பெட்டியோடு நின்றார்.

“ஏனுங்க, பெத்தவன் நானு. எங்கிட்டயாவது சொல்லுங்க. எம்புள்ளதான மொதல்ல உழுந்தா?”

பெற்றவருக்குத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. அவளுக்கு நான் வாக்கும் கொடுத்திருக்கிறேன். “அதை எங்கிட்டக் கேக்காதீங்க. அவகிட்டயும் அதைக் கேக்காதீங்க. உனக்கு என்ன பயம்னு கேளுங்க. நான் பக்கத்துல இருக்கிறேன்” என்றேன். அவளைக் கேட்டேன், சரி என்றாள். மூவரும் வகுப்பறையில் உட்கார்ந்தோம்.

“என்ன பயம் சாமி உனக்கு?” என்றார் அவர்.

அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: “நோம்பிக்கு ஊட்டுக்கு வரோணும்ப்பா. தம்பியப் பாக்கோணும். ஆனா வந்துட்டுத் திரும்பி வரோணும். திரும்ப உடமாட்டீங்களோன்னுதான் பயம்.”

அந்த மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். “மச்சான்கிட்ட வாக்குக் குடுத்துட்டனே கண்ணு” என்று மட்டும் சொன்னார். பெட்டியை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை அதிகாரி அவர் வீட்டுக்கே போனார். சட்டத்தையும் சொன்னார், பதினெட்டு வயதுவரை கல்யாணப் பேச்சே இல்லை என்று வாக்கும் வாங்கினார். அதற்கடுத்த வாரம் நோம்பி. மகளை அழைத்துப்போக அவர் வந்து நின்றபோது தலைமையாசிரியை என்னைத் தனியே இழுத்து, “அனுப்பவே கூடாது மேடம். அங்க போனதும் அந்த மாமன்காரன் விடுவானா?” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதிகாரியைக் கேட்டேன். ஊரில் அங்கன்வாடி ஊழியரைத் தினமும் போய்ப் பார்க்கச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது என்றார். வளர்மதியைக் கேட்டேன். “போய்ட்டு வாரேன் மிஸ்” என்றாள். வாரேன் என்ற அந்தச் சொல்லை நம்பி, போகட்டும் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்த நோம்பி முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்குப் போகவே பயப்படுகிற பெண்ணாக அவளை விடுதியில் பத்திரமாக வைத்திருப்பதும் ஒரு தோல்விதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நோம்பி முடிந்த திங்கட்கிழமை பள்ளிக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். முதல் பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். வளர்மதி இல்லை. தலைமையாசிரியை வாசலிலிருந்து என்னைப் பார்த்தார். கையில் போனை எடுத்து அதிகாரியின் எண்ணைப் போடப் போனேன்.

அடுத்த பஸ்ஸிலிருந்து அவளுடைய அப்பா முதலில் இறங்கினார். பின்னாலேயே அவள், புதுப் பாவாடையோடு, தலை நிறையப் பூவோடு. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று வகுப்புக்கு ஓடினாள். அவர் என் முகத்தையே பார்த்தார்.

“ஏனுங்க, பயந்துட்டீங்களா?”

“ஆமாங்க. ரொம்பப் பயந்துட்டேன்.”

“நீங்க பயந்ததும் செரிதானுங்க” என்றார். “மச்சான் வந்து ஊட்டு வாசல்லயே உக்காந்துட்டாரு. பஸ் ஏறுற வரைக்கும் எனக்கே எம்மேல பயந்தானுங்க.”